ஃப்ரிட்ஜ் கதவில் ஒடேசா

அக்டோபர் 6, திங்கள்

கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு: "இனி நம்மை நாமே காப்போம்: மாறும் உலகில் ஐரோப்பா." பதினோரு பக்கம், முப்பத்து நான்கு அடிக்குறிப்பு. பரிசாகப் பன்னிரண்டு நட்சத்திரம் போட்ட ஒரு நீலக் குடை கொடுத்தார்கள். பள்ளி வாசலில் மழை. விரித்தேன். பாதிதான் விரிந்தது. மீதிப் பாதிக்கு உறுப்பு நாடுகளின் சம்மதம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். கொட்டகையில் யாருடைய சைக்கிளையோ தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எஸ்டோனியாவில் எங்கள் ஊரான சாரெமா தீவில் கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகுக்கு எஞ்சின் பார்த்தவர். அம்மாவின் வேலைக்காக ப்ரஸ்ஸல்ஸ் வந்து ஆறு வருடமாகிறது. இங்கே கடல் இல்லாததால் சைக்கிள்.

"உன் கட்டுரையை எத்தனை நாடு ஒத்துக்கிச்சு, மிர்யம்?"

"ஒரு டீச்சர்."

"அப்ப இன்னும் இருபத்தாறு பாக்கி."

"பெரியண்ணன் அமெரிக்கா இனி வருவானோ மாட்டானோ தெரியலை, நாமளே எழுந்து நிக்கணும்னு எழுதியிருக்கேன்பா."

"நல்லா எழுதியிருக்கே. முதல்ல அந்த ஸ்பானரை எடு."

அக்டோபர் 8, புதன்

அம்மா வந்தாள். கோட்டைக் கூடக் கழற்றாமல், பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றபடியே கறுப்பு ரொட்டியில் மூன்று பொடிமீன் வைத்துத் தின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கவலை."

"யாருக்கு?"

"இருபத்தேழு பேருக்கும். 'கவலை'யா, 'ஆழ்ந்த கவலை'யான்னு நாலு மணி நேரம்."

"எது ஜெயிச்சது?"

"'தொடர்ந்து கவனித்து வருகிறோம்.'"

அம்மா ஐரோப்பிய ஒன்றியத்தில், எஸ்டோனியா சார்பில், வெளியுறவும் பாதுகாப்பும் பேசுகிற குழுவில் உட்காருகிறாள். அங்கே எல்லாரும் சம்மதித்தால்தான் எதுவும் நகரும். தேர் இழுக்க இருபத்தேழு பேர் வேண்டும். நிறுத்த ஒரே ஒரு முட்டுக்கட்டை போதும். என் கட்டுரையில் இந்த உவமை இல்லை. இப்போதுதான் தோன்றியது. சே.

அக்டோபர் 10, வெள்ளி

ஃப்ரிட்ஜ் கதவில் புதுக் காகிதம்.

இது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் குழுவில் ஒரு காகிதத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்புவார்கள்: இத்தனை மணிக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் அப்பா பதில் சொல்வதில்லை என்பதால், இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காந்தத்தால் காகிதத்தை ஒட்டுவது, பக்கத்தில் நூல் கட்டிய பேனா. சாம்பல் நிற சோபா இப்படித்தான் வந்தது. என் பல்லுக்குக் கம்பி இப்படித்தான் வந்தது. அம்மா வார்சாவில் இருந்த வாரம் அப்பா ஒரு காகிதம் ஒட்டினார். அதனால் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு துடுப்புப் படகு நிற்கிறது. பாதி உள்ளே, பாதி தெருவுக்கு மேலே. அம்மா கத்தினாள். "ஏற்கப்பட்டது" என்றார் அப்பா.

இன்றைய காகிதம்:

"முன்மொழிவு: த்ரீன் (அம்மா), உக்ரைனின் ஒடேசாத் துறைமுகக் கண்காணிப்புக் குழுவின் துணைத் தலைவராகச் செல்வது. காலம் இரண்டு வருடம். குடும்பத்துக்கு அனுமதி இல்லை. ஆட்சேபம் இருந்தால் புதன், 15ஆம் தேதி, மாலை ஆறு மணிக்குள். காரணம் கூறத் தேவையில்லை."

பால் எடுக்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை.

"அங்க என்ன வேலைம்மா?"

"தானியக் கப்பல் எது வந்தது, எது போச்சு, எது அடிபட்டதுன்னு நேர்ல நின்னு பார்த்து எழுதணும். இப்ப அங்க ப்ளாஷ்னு ஒரு ஸ்லோவேனியாக்காரன் இருக்கான். அவன் காலம் முடியுது."

"அடிபடறதுன்னா?"

"அடிபடறதுன்னா அடிபடறதுதான்."

அப்பா உருளைக்கிழங்கு வேகிறதா என்று முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். ஒன்றையே ஐந்து முறை குத்தினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் கட்டுரையை மறுபடி படித்தேன். ஏழாம் பக்கம்: "ஆபத்தான இடங்களுக்குத் தம் சிறந்தவர்களை அனுப்ப நாடுகள் தயங்கக் கூடாது." அழகான வாக்கியம். எழுதும்போது யாரை அனுப்புவதாக நினைத்தேன்? யாரோ ஒருத்தியை. அடிக்குறிப்புகளுக்கு நடுவில் வாழ்கிற, பிள்ளை குட்டி இல்லாத, பொடிமீன் தின்னாத ஒருத்தியை.

நான் ஆட்சேபித்தால் என்ன ஆகும்? அம்மா நிற்பாள். நான் எழுதியது பூராவும் பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆட்சேபிக்காவிட்டால் அம்மா போவாள். நான் எழுதியது மெய். மெய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொட்டகைக்குப் போனேன்.

"என்னப்பா நினைக்கறீங்க?"

"எதைப் பத்தி?"

"அதைப் பத்திதான்."

"நீ என்ன நினைக்கறே?"

"நான் கேட்டேன் முதல்ல."

"நான் பெரியவன்."

"அதனாலதான் நீங்க முதல்ல சொல்லணும்."

சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பூனைக்கு மணி கட்டுவது அவர்தான். அவள் அவருடைய மனைவி. அவருக்குக் கட்டுரை கிட்டுரை எதுவும் தடை இல்லை. நிச்சயம் எழுதுவார்.

அக்டோபர் 13, திங்கள்

ஃப்ரிட்ஜ் பேனாவின் மூடி கழன்றிருந்தது. காகிதத்தில் ஒன்றும் இல்லை. யார்?

அக்டோபர் 15, புதன்

ஐந்து ஐம்பதுக்கே மூன்று பேரும் சமையலறையில். யாருக்கும் அங்கே வேலை இல்லை. அப்பா உருளைக்கிழங்கு தோல் சீவினார். நான் அகராதியை மேசைமேல் வைத்து ஒரு சொல்லும் தேடாமல் பக்கம் புரட்டினேன். அம்மா சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தாள். பிறகு மறுபடி துடைத்தாள்.

ஐந்து ஐம்பத்தைந்து. அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இருவரையும் அம்மா பார்த்தாள்.

ஆறு.

அம்மா காந்தத்தை எடுத்தாள். "ஏற்கப்பட்டது" என்றாள். குழுவில் பேசுகிற குரலில். காகிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, போன் பண்ண உள்ளே போனாள்.

அப்பாவின் கையிலிருந்த உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. இன்னும் சீவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

பள்ளி உணவுக்கூடத்தில் என் தோழியிடம் சொன்னேன். அவள் நாடு ஒரு தீவு. எந்தத் தீவு என்று எழுதமாட்டேன். நாட்குறிப்பும் கசியும், நான் தூதரின் மகள். இங்கே அவள் பெயர் "தீவு". அம்மாவின் குழுவில் அவள் நாட்டுக்காக உட்காருகிறவர் அவள் அப்பா.

"என்னடி குளிர்பெட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். எஸ்டோனியாவுக்கு அவள் வைத்த பெயர் அது.

எல்லாம் சொன்னேன். வறுவலை மென்றுகொண்டே கேட்டாள்.

"உங்கம்மா பேர் இப்ப எல்லா நாட்டுக்கும் போயிருக்குமே. எத்தனை நாள்?"

"செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா முடிஞ்சுது."

"எங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா? ஒரு வரி போதும், நின்னுடும். நாங்க அதுக்காகவேதானே சேர்ந்தோம்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "சும்மா இருடி, பைத்தியம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்து மயோனைஸில் தோய்த்துத் தின்றேன். மணி அடித்தது.

அக்டோபர் 18, சனி

குண்டு துளைக்காத சட்டை வந்தது. பழகிக்கொள்ள வேண்டுமாம். அம்மா அதைப் போட்டுக்கொண்டே காலையில் அப்பம் சுட்டாள். குனிந்து மாவை எடுக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமை தோசைக் கரண்டி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

"ஆமை நூறு வருஷம் வாழும், தெரியுமில்ல?"

அப்பா எழுந்து பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து ஒட்டினார். பிரித்தார். மறுபடி இறுக்கி ஒட்டினார். அப்பம் கருகும்வரை இதையே செய்தார்.

அக்டோபர் 21, செவ்வாய்

நடந்துவிட்டது. நடந்தேவிட்டது.

அம்மா இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். பையைச் சோபாவில் வீசினாள்.

"பதினொண்ணு ஐம்பத்தெட்டு! எல்லாரும் வாழ்த்து சொல்லிக் கை கொடுத்தாச்சு. ரெண்டே நிமிஷம் இருக்கறப்ப அந்த ஆள் நிறுத்திட்டார்!"

"எந்த ஆள்?" என்றார் அப்பா.

தீவின் பெயரைச் சொன்னாள்.

"ஏனாம்?"

"'பரிசீலிக்கக் கூடுதல் காலம் தேவை.' அவ்வளவுதான். மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் தெரியலை. ஒருத்தன் மீன்ங்கறான். அவங்களுக்கு மீன்பிடி எல்லையில ஏதோ பழைய குறை இருக்காம். ஒருத்தி கப்பல் கொடி விவகாரம்ங்கறா. ஜெர்மன்காரர் தொண்ணூத்தெட்டாம் வருஷத்துக் கோப்பைத் தோண்டிக்கிட்டிருக்கார். பின்னால வேற ஒரு வல்லரசு இருக்குன்னு ரெண்டு பேர் ஓரமா நின்னு குசுகுசுன்னு பேசறாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சமையல்காரன் உப்பு போட மறந்திருப்பான், கோபத்துல நிறுத்தியிருப்பார்."

"சிரிக்காதீங்க. ப்ளாஷ் கிளம்பி எல்லைக்குப் போயிட்டான். மாத்தாள் வராம இடத்தை விடக் கூடாதுன்னு பாதி வழியில திருப்பி அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை அவன் பொண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள்."

என் அறைக்கு ஓடி வந்து இதை எழுதுகிறேன். சந்தோஷமா இருக்கு. ஐயோ, சந்தோஷமா இருக்கு. அம்மா போகலை. அந்த ஏழு வயசுப் பொண்ணு யாரு எனக்கு? யாருமில்லை. யாருமே இல்லை. நான் என்ன மாதிரிப் பொண்ணு?

அக்டோபர் 22, புதன்

"நிஜமாவே சொல்லிட்டியா?"

"நீதான் வேண்டாம்னு சொல்லலையே" என்றாள் தீவு.

எங்கள் வீட்டுச் சட்டப்படியும் அவள் செய்தது சரி.

"அப்பா முதல்ல சிரிச்சார். இதுக்கெல்லாம் நிறுத்தினா உலகமே சிரிக்கும்னார். நேத்து காலைல பல் தேய்ச்சுக்கிட்டே வெளிய வந்தார், வாயெல்லாம் நுரை. 'நாம எதையும் நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. நம்மளை மறந்தே போயிட்டாங்க'ன்னார். அவ்வளவுதான்."

"இப்ப எடுக்கச் சொல்லுடி."

"இப்பவா? நேத்திலேருந்து போன் ஓயலை. ஒரு பெரிய நாட்டு அமைச்சரே பேசினார், அப்பா எழுந்து நின்னு பேசினார். என்ன வேணும் என்ன வேணும்னு கேக்கறாங்க. அப்பாவுக்கே தெரியாது என்ன வேணும்னு. மத்தவங்கதான் மீன் மீன்ங்கறாங்க. சரி, மீனாவே இருக்கட்டும்னு இருக்கார்."

அக்டோபர் 23, வியாழன்

தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர்: "இந்தத் தீவின் முடிவு, மாறும் உலக ஒழுங்கில் சிறிய நாடுகளின் புதிய தன்னம்பிக்கையைக் காட்டுகிறது." ஆறு நிமிடம் பேசினார். அவருடைய புத்தகம் என் அடிக்குறிப்பு 9, 14, 15.

அக்டோபர் 24, வெள்ளி

சாயங்காலம் அம்மா ப்ளாஷுடன் பேசினாள். கை மாவாக இருந்ததால் போனை மேசைமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். நல்ல கலகலப்பான குரல் அந்த ஆளுக்கு.

"கேக்கை ஃப்ரீசர்ல வச்சுட்டாங்க, த்ரீன். நான் வர்ற அன்னிக்குத்தான் பிறந்தநாளாம், அதுவரைக்கும் ஏழு வயசு ஆகமாட்டேங்கறா. 'ஆறுலயே நிக்கறேன்'கறா. ஸ்கூல்லயும் டீச்சர்கிட்ட சொல்லிட்டாளாம்."

"மீன் முடிஞ்சதும் நான் வந்துடறேன், ப்ளாஷ்."

"மீனா? எந்த மீன்?"

நான் தட்டைக் கீழே வைத்தேன். "மீன் இல்லைம்மா" என்றேன்.

அம்மா போனை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வறுவல், மயோனைஸ், மணி அடித்தது வரை. அம்மாவின் முகம் முதலில் ஒன்றுமே காட்டவில்லை. பிறகு கத்தினாள்.

"நாலு நாளா இருபத்தாறு நாட்டுக்காரங்க மீனைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க, மிர்யம்! நேத்து ஒரு நாடு விட்டே கொடுத்துடுச்சு! நெஜ மீன்! நெஜக் கடல்ல இருக்கற மீன்!"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிக்கறீங்களா? இவ பண்ணினதுக்கு நீங்க சிரிக்கறீங்களா?" அம்மா என் பக்கம் திரும்பினாள். "கதவுல காகிதம் ஒட்டினேன். பேனாவை நூல்ல கட்டி வச்சேன். காரணம்கூடக் கேக்கலை. உனக்கு நான் போறது பிடிக்கலைன்னா ஏன் எழுதலை?"

"அப்பா எழுதுவார்னு நினைச்சேன்."

"நான் இவ எழுதுவான்னு நினைச்சேன்" என்றார் அப்பா.

"நீங்கதானே பேனா மூடியைக் கழட்டினது?"

"மை வருதான்னு பார்த்தேன்."

அம்மா உட்கார்ந்தாள். மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்புப் பாவாடையில் பத்து வெள்ளை விரல். "நீங்க ரெண்டு பேருமே எழுதுவீங்கன்னு நான் நினைச்சேன்" என்றாள். மெதுவாக.

இருபத்தேழு பேர் செய்கிற வேலையை நாங்கள் மூன்றே பேர் செய்து முடித்திருக்கிறோம்.

"அப்ப நீ போக விரும்பலையா?" என்று கேட்டேன்.

"போகணும்னு இருக்கு. ரொம்ப. இருபது வருஷமா அறிக்கை எழுதறேன், ஒரு தடவையாவது அந்த இடத்துல போய் நிக்கணும்னு இருக்கு. நீங்க கையைப் பிடிச்சு நிறுத்தணும்னும் இருந்துச்சு. ரெண்டும்தான். அதைக் குழுவுல சொல்ல முடியாது. வீட்லயாவது சொல்லியிருக்கணும், காகிதத்தை ஒட்டியிருக்கக் கூடாது."

பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு: "நீ இதுல இனி தலையிடாதே. நான் வெளிய சொன்னா எஸ்டோனியா மானம் போகும். சொல்லாம எப்படி அவிழ்க்கறதுன்னு பார்க்கறேன்." மூக்கில் மாவு ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 25, சனி

தலையிட்டேன்.

காலை பத்து மணிக்குத் தீவின் வீட்டு மணியை அடித்தேன். அவள் அப்பா கதவைத் திறந்தார். வீட்டுச் செருப்பு, புதுச் சட்டை. சட்டைக் காலரில் அட்டை இன்னும் இருந்தது.

"வாம்மா. அம்மா அனுப்பினாங்களா?"

"இல்லை அங்கிள். நானா வந்தேன்."

உட்காரச் சொன்னார். தேன் வழிகிற ஏதோ பலகாரம் வைத்தார். தீவு கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தினதை எடுத்துடுங்க, அங்கிள்."

"நீதானே நிறுத்தச் சொன்னே?"

"நான் சொல்லலை. வேண்டாம்னு சொல்லலை. அவ்வளவுதான்."

"எங்க தொழில்ல ரெண்டும் ஒண்ணுதான்." பலகாரத்தை என் பக்கம் தள்ளினார். "இங்க பாரும்மா. விஷயம் இப்ப பெரிசாயிடுச்சு. சும்மா எடுத்தா, சும்மா போட்டதா ஆயிடும். எங்க தலைநகர்லேருந்து நேத்து எனக்குப் பாராட்டு வந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

ரெண்டு வாரம். ஃப்ரீசர். ஆறு வயதிலேயே நிற்கிற பெண்.

முப்பத்து நான்கு அடிக்குறிப்பில் எதுவும் உதவிக்கு வரவில்லை. வாய் தானாகப் பேசியது.

"அப்ப நான் இதைப் பத்தி இன்னொரு கட்டுரை எழுதறேன் அங்கிள். போன தடவை முதல் பரிசு வாங்கினேன். பரிசுக் கட்டுரையை எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவாங்க. இருபத்தேழு நாட்டுத் தூதருங்க பிள்ளைங்களும் படிப்பாங்க. உங்க பொண்ணு வறுவல் தின்னுக்கிட்டே சொன்னதும், நீங்க பல் தேய்ச்சுக்கிட்டே முடிவெடுத்ததும் வரும். நுரையோட."

கதவுக்குப் பின்னால் தீவு "அடிப்பாவி" என்றாள்.

அவர் பலகாரத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது மிரட்டல்."

"தெளிவுபடுத்தறேன், அங்கிள்."

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "எத்தனாவது படிக்கறே?"

"பத்தாவது."

"உங்கம்மாவை அனுப்பறதுக்குப் பதிலா உன்னை அனுப்பியிருக்கலாம். திங்கட்கிழமை எடுத்துடறேன். மீன் எங்களுக்கே."

"மீன் உங்களுக்கே."

ஓட்டமாக வந்து ட்ராமில் ஏறினேன். ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில்தான் புரிந்தது, எதை ஜெயித்தேன் என்று. எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். ஓட்டுநர் வந்து இறக்கிவிட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

மதியம் பன்னிரண்டுக்கு எடுத்துவிட்டார்கள். அறிக்கையில்: "தேவையான தெளிவுகள் பெறப்பட்டதைத் தொடர்ந்து."

அம்மா கேட்டாள்: "சனிக்கிழமை காலைல எங்க போயிருந்தே?"

"நூலகம்."

"நூலகத்துல தேன் ஒட்டுமா?" துவைக்கப் போட்டிருந்த என் சனிக்கிழமைச் சட்டையின் கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் என் தலையில் தன் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். வலித்தது. நகரவில்லை.

நவம்பர் 8, சனி

போய்விட்டாள்.

ரயிலில் வியன்னா, அங்கிருந்து மால்டோவாவின் கிஷினாவ், பிறகு வண்டி. குண்டுச் சட்டை எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. அதனால் போட்டுக்கொண்டே நடைமேடையில் நின்றாள். டிக்கெட் பார்க்கிறவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க ரயில் அவ்வளவு மோசமில்லைங்க" என்றார். அம்மா சிரித்தாள். அப்பா பட்டையை இறுக்கினார். விசில் ஊதிய பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தார். "விடுங்க, மூச்சு முட்டுது" என்றாள் அம்மா. விட்டார்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவாள். ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்குப் போன்.

நவம்பர் 11, செவ்வாய்

ப்ளாஷ் ஒரு படம் அனுப்பியிருக்கிறார், அம்மா அதை எங்களுக்கு அனுப்பினாள். முன்பல் இல்லாத ஒரு பெண், கேக், ஏழு மெழுகுவத்தி. அப்பா வெகுநேரம் பார்த்தார். "கேக் நடுவுல இன்னும் ஐஸா இருக்கும்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

நான்கு மணிக்குப் போன் வந்தது. துறைமுகத்தில் பூனைகள் அதிகம், காபி நன்றாக இருக்கிறது, ஒரு கப்பல் தலைவர் அம்மாவுக்குக் கால் மூட்டை கோதுமை கொடுக்கப் பார்த்தார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பின்னால் அபாயச் சங்கு ஊதுகிற சத்தம். "கீழ போகணும். முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

போனை மேசை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நான்கு பத்து. நான்கு இருபது. அப்பா எழுந்து தண்ணீர் குடித்தார். எனக்கும் கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை.

நான்கு முப்பத்தைந்துக்கு, போனைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் எழுதியிருக்கணும்."

"என்னன்னு?"

"போகாதேன்னு."

"நானும்பா."

"கட்டுரையை வச்சுக்கிட்டு நீ எப்படி எழுதுவே? நான்தான் எழுதியிருக்கணும். எழுதியிருந்தாலும் போயிருப்பா. ஆனா தெரிஞ்சு போயிருப்பா." மூக்கை உறிஞ்சினார். "அடுத்த தடவை போன்ல சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லுங்க. கூப்பிடட்டும், எடுத்ததும் சொல்லுங்க."

நான்கு ஐம்பத்திரண்டு. மணி அடித்தது. இருவர் கையும் மோதி, போன் தரையில் விழுந்து, மேசைக்கடியில் போய், நான்தான் தவழ்ந்து எடுத்தேன். அம்மா "ஹலோ" என்று முடிப்பதற்குள் அப்பா மேசைக்கு மேலிருந்து ஆரம்பித்தார், நான் கீழிருந்து ஆரம்பித்தேன்.

"ஐயோ, ஒவ்வொருத்தரா பேசுங்க! ஒண்ணும் புரியலை!"

நாங்கள் நிறுத்தவில்லை.